மாலத்தீவில் ஆசிரியர் வேலை: சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை

மாலத்தீவுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது, "டாலர்ல எவ்வளவு வரும்?" என்றுதான். இப்போது அங்கே போக நினைப்பவர்கள் என்னிடம் பேசினால், நான் அந்தக் கேள்விக்குக் கடைசியாகத்தான் வருகிறேன். எந்தத் தீவு, தங்க இடம் யார் பொறுப்பு, சம்பளம் எந்த நாணயத்தில் வரும், அதை ஊருக்கு எப்படி அனுப்புவது என்பதையெல்லாம் முதலில் கேட்கச் சொல்கிறேன். அங்கே வாழ்க்கை ஓடுவதும் திணறுவதும் இவற்றைப் பொறுத்துத்தான்.

அந்த நாட்டில் கிட்டத்தட்ட 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பது 200க்கும் குறைவான தீவுகளில். தலைநகர் மாலே சில சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் ஊர். இடம் இல்லாததால் வாடகை தலைசுற்ற வைக்கும். பக்கத்தில் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்று ஒரு நகரத்தையே எழுப்பி, 2018இல் பாலமும் கட்டிவிட்டார்கள். அப்படியும் வாடகை இறங்கவில்லை. எனக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. மாலேயில் இருந்த பள்ளி சம்பளம் கூடுதலாகத் தந்தது, ஆனால் தங்குமிடம் என் பொறுப்பு. தெற்கே ஹுவது அட்டோலில் (பவளத் தீவுக் கூட்டத்தில்) இருந்த பள்ளி குறைவாகத் தந்தது, அறையும் தந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மாலேயில் சம்பளத்தில் பாதியை அறை வாடகையே விழுங்கிவிடும். தெற்கே போனேன். தனியாகப் போகிற யாருக்கும் இன்றைக்கும் இதையேதான் சொல்வேன்.

என்னை அதிகம் அலைய வைத்தது சான்றிதழ் வேலை. பட்டச் சான்றிதழ், பி.எட்., மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம். பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் நன்னடத்தைச் சான்று. இவை எல்லாம் வரிசையாக நடந்துவிடும். சிக்கல் நம் ஊர் இன்ஷியலில்தான் இருக்கிறது. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அப்பாவின் முழுப் பெயர், அதுவும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். நமக்கு இது சாதாரணம். வெளிநாட்டில் தாளைப் புரட்டுகிறவருக்கோ இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, ஒவ்வொரு கட்டோடும் ஒரு நகல் இணைத்தேன். அங்கே வெளிநாட்டுப் பட்டங்களை மாலத்தீவுத் தகுதி ஆணையம் மதிப்பிடும். அந்தக் கட்டத்தில் இந்த ஒரு தாள் பெரிய உதவியாக இருந்தது. விண்ணப்பிக்க நினைக்கும் அன்றே இதைத் தயார் செய்துவிடுங்கள்.

நடுவில் ஒரு ஏஜென்ட் சில மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கேட்டார். கொடுக்கவில்லை. பள்ளி அறிவிப்பைப் பார்த்து நேரடியாகவே விண்ணப்பித்தேன். நேர்காணலும் மாதிரி வகுப்பும் இணையத்திலேயே முடிந்தன. அங்கே பாடமொழி ஆங்கிலம், மேல்வகுப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு. பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து போட்டுப் பழகியது வீண்போகவில்லை.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியது சுங்கம். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுக்கான சிலைகள் எதற்கும் அனுமதி கிடையாது. அம்மா கையில் திணித்த சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அம்மாவுக்கு மனசே இல்லை. அந்த நாட்டுச் சட்டம் அது, மதித்துத்தான் போக வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம் கையில் இருக்கட்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து மாலே பக்கம்தான். அங்கிருந்து உள்நாட்டு விமானம், பிறகு ஸ்பீட் போட். கூடுதல் லக்கேஜுக்கும் படகுக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்று முன்பே கேட்டிருந்தேன். போய்ச் சேர்ந்ததும் மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி அட்டை, வங்கிக் கணக்கு. இதில் சொல்ல அதிகம் இல்லை, பள்ளி அலுவலகமே பார்த்துக்கொண்டது.

விலைவாசியைப் புரிந்துகொள்ள சரக்குப் படகு வரும் நாளில் துறைக்குப் போய் நின்றால் போதும். பெட்டி இறங்கும்போதே கடைக்காரர் கூடவே நடப்பார், பின்னால் பெண்கள். தக்காளி, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் கடல் தாண்டி வந்தவை. தூத்துக்குடியிலிருந்து தோணியில் காய்கறி மாலேக்குப் போகிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அதே தக்காளி மாலேயில் இறங்கி, மறுபடி படகேறி எங்கள் தீவுக்கு வருவதற்குள் பாதி கனிந்து போயிருக்கும், விலையோ ஊரில் இருப்பதைவிடப் பல மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகு தள்ளிப்போகும். கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் மிஞ்சும். அரிசி, மாவு, சர்க்கரைக்கு அரசு மானியம் உண்டு, அதனால் அவை சல்லிசு. சூரை மீனுக்குப் பஞ்சமே இல்லை. நம் ஊர்க் கடைகளில் மாசி என்று விற்கிற கருவாடு அங்கே அன்றாடச் சாப்பாடு. பக்கத்து வீட்டு முற்றத்தில் முருங்கை நின்றது. அந்த வீட்டு அக்கா வாரம் தவறாமல் கீரை ஒடித்துத் தருவார்; மீனோடு சேர்த்துச் சமைக்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார். தீவில் கிடைப்பதைச் சாப்பிடப் பழகிய பிறகுதான் என் கையில் பணம் நின்றது.

பணம் அனுப்புவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த நாட்டு நாணயம் ருஃபியா. ஒரு டாலருக்கு அதிகாரப்பூர்வமாக 15.42 ருஃபியா. ஒப்பந்தத்தில் டாலர் கணக்கு எழுதியிருந்தாலும், கைக்கு வருவது ருஃபியாவாக இருந்தால் கணக்கே வேறு. அங்கே டாலருக்கு எப்போதும் தட்டுப்பாடு. வங்கி வழியாக மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கிறது, அந்த வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். வெளியில் டாலர் வாங்கினால் அதிகாரப்பூர்வ விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டும். ஊரில் வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர்கள் இதை விசாரிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரிடம், போன மாதம் எவ்வளவு அனுப்ப முடிந்தது என்று நேரடியாகக் கேளுங்கள்.

வகுப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி. வெள்ளி, சனி விடுமுறை. கணக்கு வகுப்பில் திசைக்கோணம் (bearing, வடக்கிலிருந்து அளக்கும் கோணம்) நடத்தியபோது புத்தகத்தில் இருந்த கப்பல் கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, பக்கத்துத் தீவு எந்தப் பக்கம் என்று ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினான். அவன் அப்பா மீன் பிடிக்கப் போகிறவர். அவனையே பலகைக்குக் கூப்பிட்டு அவர்கள் படகு போகும் வழியை வரையச் சொன்னேன். வடக்கிலிருந்து கோணத்தை அளந்து எழுதியதும் வகுப்பே கலகலவென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் புத்தகக் கணக்கை நான் தொடவே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தேன்.

இரண்டாவது ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. விடுமுறைக்கு ஊர் போய்வரும் விமானச் செலவை மாலே வரைக்குமா, எங்கள் தீவு வரைக்குமா தருவார்கள் என்று தெளிவாக எழுதித் தரச் சொன்னேன். தீவு வரைக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.