ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

எங்கள் கோப்புகளைப் புரட்டினால், அகதிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஜனவரி 1-ஆம் தேதிதான் பிறந்தார்களோ என்று தோன்றும். தாத்தா, பாட்டி, பேரன் மூவருக்கும் ஒரே நாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களிடம் முகாமில் யாரோ ஆண்டை மட்டும் கேட்டு, நாளையும் மாதத்தையும் 1, 1 என்று நிரப்பியிருப்பார்கள். கணினி காலிக் கட்டத்தை ஏற்காது. மனிதர்கள்தான் அனுசரித்துப் போக வேண்டும்.

புதிதாக வருவோருக்கு உதவும் மையத்தில் சேர்ந்த காலத்தில் நான் இதைப் பொருட்படுத்தவில்லை. வீடு, பள்ளி, மருத்துவர், வங்கிக் கணக்கு என்று ஓடும் ஓட்டத்தில் பிறந்த நாளா முக்கியம்? ஒரு பெரியவர் வந்தார். காகிதத்தில் அவருக்கு வயது 58. கைத்தடி இல்லாமல் எழ முடியாது. மூத்த மகளுக்கு 48. பத்து வயதில் தகப்பன் ஆனவர் என்பதை அதுவரை எந்த அலுவலகமும் கவனிக்கவில்லை. நானும் இரண்டு முறை அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தேன். ஓய்வூதியம் கேட்கப் போனபோதுதான் விஷயம் வெடித்தது.

சரியான ஆண்டு எது என்று கேட்டேன். பேரன் மொழிபெயர்த்தான். பெரியவர் கைகளை ஆட்டி ஐந்து நிமிடம் பேசினார். பையன் என்னைப் பார்த்து, "தெரியாதாம்" என்றான். பதினொரு வயதுப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது நாங்கள்தானே.

அடுத்த வாரம் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தேன். அதே கேள்வி, அதே ஐந்து நிமிடம். இம்முறை பதிலில் ஆறு கரையுடைத்த ஒரு வெள்ளம் வந்தது. அந்த ஆண்டில் அவர் ஆடு மேய்க்கும் சிறுவன். பிறகு நான்கு அறுவடை, ஒரு திருமணம், தலைச்சன் மகள். காகிதத்தில் எழுதவில்லையே தவிர, மனிதரிடம் எல்லாக் கணக்கும் இருந்தது. கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள்.

திருத்துவதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் இருந்திருந்தால் தவறே வந்திருக்காது என்பதை மேசைக்கு மேசை விளக்கினேன். கடைசியில் கைகொடுத்தது அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை. சொந்த நாட்டு அதிகாரிகளிடமிருந்து பெற வேண்டிய சான்றுகளை, அகதி வாழும் நாடே வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அதன் 25-ஆம் விதி. அதைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1951 ஜனவரி 1-க்கு முந்தைய நிகழ்வுகளால் அகதி ஆனவர்களுக்கு மட்டுமே முதலில் அந்த உடன்படிக்கை பொருந்தியதாம். 1967-இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். இந்த ஜனவரி ஒன்று எங்களை விடுவதாக இல்லை.

எட்டு மாதம் கழித்துப் புதிய அட்டை வந்தது. ஆண்டு மாறியிருந்தது, நாளும் மாதமும் பழையபடி 1, 1. மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆண்டு சரியாகிவிட்டது. நாள் எனக்கே தெரியாது, நீங்கள் யாரைக் கேட்டு எழுதுவீர்கள்?"