தெரு ஏறினால் வீடு இறங்கும்

சென்னைப் புறநகரில் பழைய தனி வீடு வாங்குகிறவர்கள் பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்ப்பார்கள். தெரு மட்டத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் ஒரு தெருவில் நடந்தாலே விஷயம் புரியும்: புது வீட்டுக்குப் படியேற வேண்டும், 1980களில் கட்டிய வீட்டுக்குப் படியிறங்க வேண்டும். கேட்டைக் குனிந்து பாருங்கள். அடிக் கம்பியை அறுத்து மறுபடி வெல்டிங் வைத்த தழும்பு இருந்தால், ரோடு ஏறிய கதை அதில்தான் இருக்கிறது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். அது உங்கள் தெருவில் நடக்கிறதா என்பதை ஜல்லி கொட்டும் நாளில் நின்று பார்த்தால்தான் தெரியும். போட்டு முடித்தபின் கேட்டுப் பயனில்லை.

மட்டம் பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், போதும். ஒரு முனை வரவேற்பறைத் தரையில், மறுமுனை ரோட்டின் நடுவில். வீட்டுத் தரை ரோட்டைவிட இரண்டடியாவது உயரமாக இருந்தால் நல்லது. ஓரடிக்கும் கீழே என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மழைத் தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே குளியலறை வழியாக வந்துவிடும். செப்டிக் டேங்க் நிரம்பியதும் தரைச் சல்லடையில் குமிழி விடும். அதுதான் முதல் எச்சரிக்கை. வெளியேறும் குழாயில், போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு வைக்கலாம். ஆனால் முடியும் துணியும் சிக்கினால் அதன் தட்டு மூடாது, ஐப்பசிக்கு முன் திறந்து கழுவ வேண்டும். அவசரத்துக்கு, பிளாஸ்டிக் பையில் மணல் கட்டிச் சல்லடை மேல் வைத்தால் ஓரளவு தாங்கும்.

சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி: அதன் மூடியின் விளிம்பு தரையிலிருந்து முக்கால் அடியாவது தூக்கி நிற்க வேண்டும். தரையோடு தரையாக வைத்தால் வண்டி நிறுத்த வசதிதான், சாக்கடை உள்ளே போகவும் அதே வசதி.

வெள்ளம் வடிந்த மறுநாளே சம்பை முழுக்கக் காலி செய்வதுதான் பெரிய தவறு. சுற்றிலும் மண் ஊறி நிற்கும்போது, 6,000 லிட்டர் சம்ப் காலியானால் கிட்டத்தட்ட 6 டன் விசை கீழிருந்து மேலே தள்ளும். செங்கல் சுவர் விரிசல் விடும், பிளாஸ்டிக் தொட்டி மிதந்தே வந்துவிடும். பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் சம்பின் அடிக்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். அதுவரை சம்பில் கிடக்கும் தண்ணீரைத் தொடாதீர்கள். பிறகு காலி செய்து, தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியான பழைய பவுடரில் குளோரின் மிச்சம் இருக்காது.

மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தெருக்களில் நவம்பரில் உறிஞ்சு குழி தானே நிரம்பி நிற்கும், அங்கே மாடித் தண்ணீரை வடிகட்டிச் சம்புக்கு விடுவதே மேல்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே என்று கேட்பவர்களுக்கு: சுவர் ஏறும், தரை ஏறாது. மண் நிரப்பி, டைல்ஸ் முழுக்கப் புதிதாகப் போட வேண்டும். குழாய் இணைப்புகளும் புதிது. சம்பும் செப்டிக் டேங்கும் பழைய பள்ளத்திலேயே கிடக்கும். அவற்றை உயர்த்தும் செலவு தனி. வீட்டைத் தூக்குபவரிடம் விலை பேசும்போதே அதையும் எழுதி வாங்குங்கள்.