கோழியும் முட்டையும் ஒரே ‘கை’: பாங்காக் போக தாய்லாந்து மொழி பழகிய ஆறு வாரம்

பாங்காக்கில் ஐந்து நாள் தங்கப் போகிறோம் என்று முடிவானதும், தினமும் அரை மணி நேரம் தாய்லாந்து மொழியான ‘தாய்’ பழக உட்கார்ந்தேன். கையில் இருந்தது ஆறு வாரம். அந்த மொழியின் 44 மெய்யெழுத்துகளைப் படிக்க அது போதாது. அதனால் காதால் கேட்பது, நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வது, வாய்விட்டுச் சொல்வது, இவ்வளவுதான் திட்டம்.

முதல் வாரம் சுலபமாகப் போனது. வணக்கத்துக்கு ‘சவத்தீ’, நன்றிக்கு ‘கோப் குன்’. பேசுவது ஆண் என்றால் கடைசியில் ‘க்ரப்’, பெண் என்றால் ‘கா’. இந்த ஒட்டு இல்லாவிட்டால் பேச்சில் மரியாதை குறைந்துபோகும். ‘சவத்தீ’ நம் ‘ஸ்வஸ்தி’தான். சூலலங்கோர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப்ரயா உபகித் சில்பசான் 1930களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த வணக்கச் சொல் இது. 1943-ல் அரசே இதை ஏற்றுக்கொண்டது. அங்கே இன்னொரு விசாரிப்பும் உண்டு: ‘கின் காவ் ரூ யங்?’ சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அதைக் கேட்ட அன்றைக்கே இந்த மொழி எனக்கு நெருக்கமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டால் ‘கின் லேவ்’.

தெரிந்த சொற்கள் நிறையவே எதிர்ப்பட்டன. உணவு ‘ஆஹான்’, நேரம் ‘வேலா’, மொழி ‘பாசா’, கடிகாரம் ‘நாலிகா’. ஆகாரம், வேளை, பாஷை, நாழிகை என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். ஒன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் ‘கோ தோத்’தில் உள்ள ‘தோத்’ கூட தோஷம்தான்.

இரண்டாம் வாரத்தில் குரல் ஏற்ற இறக்கம் வந்தது. தாயில் ஐந்து தொனிகள். சமன், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம். ‘க்லை’ என்று சமமாக நீட்டினால் தூரம். அதையே மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால் பக்கம். வழி கேட்கிறவனுக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம் உண்டா? சொல்லுக்கு மேல் அம்புக்குறி போட்டு, கையையும் அதே திசையில் அசைத்துக்கொண்டே சொல்லிப் பழகினேன். தனிச் சொல்லில் தொனி தவறினாலும், முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பாட்டுபோல் சொன்னால் சரியாக வந்தது. ‘ஹோங் நாம் யூ தீ நை’, அதாவது கழிவறை எங்கே, இப்படித்தான் நாக்கில் உட்கார்ந்தது.

நமக்குச் சில வசதிகள் உண்டு. குறில் நெடில் வித்தியாசம் பிறவியிலேயே காதில் இருக்கிறது. பணத்துக்கு அவர்கள் சொல்லும் ‘ஙென்’ ங-வில் தொடங்குகிறது. ‘இங்ஙனம்’ என்று நாலு தடவை சொல்லி, முன்னால் உள்ள ‘இங்’கை விட்டுவிட்டுப் பாருங்கள், வாய் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

நான் சிரமப்பட்டது மூச்சில். தாயில் க, த, ப ஒவ்வொன்றுக்கும் மூச்சு சேராத ஒலி, மூச்சு சேர்ந்த ஒலி என்று இரண்டு உண்டு. கோழி ‘கை’. முட்டை ‘க்ஹை’. தொனி இரண்டுக்கும் ஒன்றே, தாழ்வு. உயிர் ஒலியும் ஒன்றே. மூச்சு மட்டும்தான் வேறு. நான் முட்டை சாப்பிடுவேன், கறி மீன் தொடமாட்டேன், அதனால் இது எனக்கு விளையாட்டு விஷயமில்லை. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுத்தாளைத் தொங்கவிட்டுப் பழகினேன். ‘கை’க்குத் தாள் ஆடக்கூடாது, ‘க்ஹை’க்கு ஆட வேண்டும். மூன்றாவது வாரம் முழுக்க இதற்கே போனது. மூச்சு ஒலி வரும் இடமெல்லாம் நோட்டில் ஒரு சின்ன வட்டம் போட்டேன்.

போன முதல் நாளே தெருக்கடையில் ‘காவ் பத் க்ஹை’, முட்டை போட்டு வறுத்த சோறு கேட்டேன். பசி அவசரத்தில் மூச்சு விட்டுப்போயிற்று. வந்தது கோழி. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்ததும் ‘கை?’ என்று தட்டைக் காட்டினார், ‘க்ஹை?’ என்று முட்டைத் தட்டைக் காட்டினார். இரண்டையும் அவர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொன்னேன். ஆறு வாரம் பழகியதையெல்லாம்விட இதுதான் மிக நல்ல பாடம். மறுநாள் அதே கடையில் கேட்டேன், முட்டையே வந்தது.

முட்டையும் வேண்டாம் என்பவர்கள் ‘கின் ஜே’ என்று சொல்லலாம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகள் அவர்களுக்கானவை. பூண்டு வெங்காயமும் அங்கே இருக்காது. பொதுவாகச் சைவத்துக்கு ‘மங்சவிரத்’, மாம்சத்திலிருந்து விலகல் என்ற அதே வடசொல்தான். கூடவே ‘மை சை நாம் ப்லா’, மீன் சாறு ஊற்ற வேண்டாம் என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். காய்கறி வறுவலில்கூட அது விழும்.

சந்தையில் ‘தாவ் ரை?’ என்று விலை கேட்பது எளிது, பதில்தான் வேகமாக வரும். ‘சொங்’ இரண்டு, ‘சிப்’ பத்து. ஆனால் இருபது ‘யீ சிப்’. பதினொன்று ‘சிப் எத்’. இந்த இரண்டையும் தனியாகப் பழகாமல் போனவர்கள் திணறுவார்கள். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு டாக்சியில் ‘வத் கேக்’ என்றாலே போதும், எல்லோருக்கும் தெரிகிறது.

ஊர் திரும்பியதும் எழுத்தில் கை வைத்திருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு அ-வுக்கு அணில் மாதிரி, அங்கே ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு பொருள் உண்டு. முதல் எழுத்துக்குக் கோழி, ‘கோ கை’. இரண்டாவதுக்கு முட்டை, ‘க்ஹோ க்ஹை’.