கருப்பட்டிப் பாகு ஊற்றிய சன்டே

மே மாத லீவுக்குத் தங்கை பிள்ளைகள் கோவில்பட்டிக்கு வந்திருக்கிறார்கள். "பெரியம்மா, கடையில தர்ற மாதிரி கண்ணாடி டம்ளர்ல, சாஸ் ஊத்தின ஐஸ்கிரீம் சன்டே வேணும்" என்று சின்னவள் கேட்டாள். சாக்லேட் சாஸ் வாங்கலாம் என்று கிளம்பியவள், அலமாரியில் உடன்குடிக் கருப்பட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இதைவிடவா சாஸ்?

200 கிராம் கருப்பட்டியைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தேன். கரைந்ததும் கட்டாயம் வடிகட்ட வேண்டும். அடியில் மண் தங்கும். பல்லில் நறநறத்தால் அத்தனையும் வீண். அப்புறம் மிதமான தீயில் காய்ச்சினேன். அதிரசத்துக்கு வைப்பது போல் பதம் ஏற விடக் கூடாது. கரண்டியிலிருந்து தேன் மாதிரி வழியும்போதே, கம்பிப் பதத்துக்கு முன்னால், இறக்கிவிடுங்கள். ஐஸ்கிரீமின் குளிர் பட்டதும் பாகு தானாக இறுகும். கம்பிப் பதம் வந்துவிட்டால் மிட்டாய் மாதிரி பல்லைப் பிடிக்கும். இறக்கியதும் ஒரு ஸ்பூன் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, துளி சுக்குத்தூள். போன வருடம் கொதிக்கிற பாகில் பாலை ஊற்றித் திரிந்துபோனது. இந்தத் தடவை பால் பக்கமே போகவில்லை.

ஐஸ்கிரீம் வெனிலா போதும். டப்பாவில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் இருக்கும். கருப்பட்டியின் அழுத்தமான வாசனைக்குப் பால் கொழுப்புதான் ஈடு கொடுக்கும்.

பிள்ளைகள் ஜெல்லி, வேஃபர், ஜெம்ஸ் எல்லாம் கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1892இல் அமெரிக்காவின் இத்தாகா ஊரில் விற்ற சன்டேயில் இருந்ததே வெனிலா ஐஸ்கிரீம், செர்ரி சிரப், மேலே ஒரு செர்ரிப்பழம், அவ்வளவுதான். ருசி தெளிவாகத் தெரிய அதுதான் வழி.

டம்ளர்களை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தேன். அடியில் மலைவாழைப்பழத் துண்டுகள், மேலே இரண்டு கரண்டி ஐஸ்கிரீம், அதன்மேல் வெதுவெதுப்பான பாகு. கடைசியாக எங்கள் ஊர்க் கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய்! மிக்ஸியில் போடாதீர்கள், பொடியாகிவிடும். துணியில் சுற்றிக் குழவியால் இரண்டு தட்டு. சாப்பிடப் போகும் நிமிடத்தில்தான் தூவ வேண்டும்; முன்பே போட்டால் வெல்லம் கசிந்து மொறுமொறுப்புப் போய்விடும்.

அம்மாவுக்குப் பல் கூச்சம், ஐஸ்கிரீம் ஆகாது. கிண்ணத்தில் வாழைப்பழமும் பாகும் மட்டும் கொடுத்தேன். விரலால் தொட்டுப் பதம் பார்த்தாள். "சரியா எறக்கிருக்க. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள்.