அப்பாவின் ஹெரால்டை உள்ளபடியே விற்றேன்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் புளி குடோன் மூலையில் பத்தொன்பது வருடம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது அந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1966 மாடல், இரண்டு கதவு கார். அப்பா 1979இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. நானே சரிசெய்து ஓட்டுவேன் என்று சொல்லிச் சொல்லியே காலம் ஓடிவிட்டது. போன தை மாதம் குடோன் கூரையை மாற்ற வேண்டி வந்தபோது அம்மா கேட்டார்: "நீ ஓட்டப் போறியா, இல்ல மக்கிப் போகட்டும்னு விடப் போறியா?" வேலை தெரிந்தவர் கையில் கொடுத்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கொடுத்து முடிக்க நாலு மாதம் ஆயிற்று.

முதல் வாரம் முழுக்கத் துப்புரவுதான். ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஒரு சந்தோஷம். இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகச் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். சின்ன வயதில் அந்த டயர் மேல் உட்கார்ந்து அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது திறந்தால், ஏர் ஃபில்டர் பக்கத்தில் எலி கூடு கட்டியிருந்தது. சீட்டிலிருந்து பிடுங்கிய தேங்காய் நார், நடுவில் ஒரு கை புளியங்கொட்டை.

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து மெக்கானிக் பாயை அழைத்து வந்தேன். இந்த வண்டிகள் ஓடிய காலத்திலேயே கை வைத்தவர். 948 சிசி இன்ஜின் இறுகிக் கிடந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றினார். "பத்து நாள் யாரும் தொடக்கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோராம் நாள் நாலாவது கியரில் போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினோம். முதலில் ஒரு விரல் அளவு அசைந்தது. அரை மணி நேரத்தில் முழுச் சுற்று சுற்றிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் பேட்டரி இரவல் வாங்கி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தோம். நாலு சிலிண்டரிலும் வரிசையாக 110, 105, 45, 110. மூன்றாவது மட்டும் படுத்துவிட்டது. அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் நன்றாக ஏறும். இங்கே 50க்கு மேல் ஏறவில்லை. "ரிங் இல்ல, வால்வு உட்காரல. ஹெட்டைக் கழட்டி அரைச்சா போதும்." இந்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைத்தேன். கடைசியில் வண்டியை விற்றுக் கொடுத்தது அந்தத் தாள்தான்.

பெயின்ட் அடித்துக் கொடுத்தால் ஐம்பதாயிரம் கூடுதலாக வரும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. முன்பு யாரோ டிங்கர் வேலை பார்த்தபோது கதவுக்குக் கீழே துருவை எடுக்காமல் மேலே பட்டி பூசி மூடியிருந்தார்கள். காந்தம் ஒட்டவே இல்லை. முழுவதையும் சுரண்டி எடுத்து, ஓட்டைக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுத்தேன். வாங்குகிறவர் பயப்பட வேண்டியது அந்த ஓட்டைக்கு இல்லை. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தபோதே தனி சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் வண்டியாகத்தான் வந்தது. பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால் முழு பாடியாகச் செய்து கொடுக்க ஆள் இல்லாமல் அவர்களுக்கு வேறு வழி இல்லை. அதன் இந்திய வடிவமாக வண்டலூர்ப் பக்கம் செய்த நம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதே அமைப்பு. அதனால் கதவடித் தகட்டைத் தனியாகக் கழற்றி மாற்றிவிடலாம். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முக்கியம். அவற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். பின்பக்க இடது கை மட்டும், உள்ளே துரு தின்றதுபோல், மந்தமாகச் சத்தம் கொடுத்தது. அதையும் எழுதினேன்.

ஆர்சி அப்பா பெயரில் இருந்ததால் வாரிசு சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து என் பெயருக்கு மாற்றினேன். சேசிஸ் நம்பர் தகட்டின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது ஒவ்வொரு எண்ணும் தெளிவாக எழும்பி வந்தது. இது சரியாக இருப்பது பெரிய விஷயம். 2021இல் வந்த விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதிய வேண்டுமானால் சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் காயலான் கடைக்காரர். எண்ணூறு கிலோ இரும்பு என்று கணக்குப் போட்டு 22,000 சொன்னார். அடுத்தவர் ஓம்னி இன்ஜின் மாற்றலாமா என்றார். பின்பக்கம் ஜாக்கி போட்டதும் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்குவதைப் பார்த்து, ஆக்சில் உடைந்திருக்கிறது, விலையைக் குறையுங்கள் என்றார். அது உடைசல் இல்லை. குறுக்கே போட்ட பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் ஆக்சில், தூக்கினால் அப்படித்தான் தொங்கும். சொன்னேன், நம்பவில்லை.

மூன்றாவதாக பெங்களூரிலிருந்து வந்தவர் என்னிடம் பேசுவதற்கு முன்பே முன்சக்கரத்துக்கு அடியில் குனிந்தார். "அண்ணா, டிரன்னியனுக்கு கிரீஸ் அடிச்சீங்களா, ஆயில் விட்டீங்களா?" டிரன்னியன் என்பது முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு. அதற்கு அப்பா தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் விடுவார். கிரீஸ் மரைக்குள் இறங்காது, உள்ளே துரு ஏறி ஒருநாள் சக்கரமே சாய்ந்துவிடும் என்பார். அப்பாவின் ஆயில் கேனை எடுத்துக் காட்டினேன். கம்ப்ரஷன் தாளை இரண்டு முறை படித்தார். நான் 1,60,000 கேட்டேன், 1,35,000க்கு முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டு, ஆயில் கேனையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பிய மறுநாள் குடோனைப் பெருக்கும்போது புளி மூட்டைக்குப் பின்னால் ஒரு பானெட் கொக்கி கிடைத்தது. அப்பா வாங்கி வைத்த ஸ்பேர், குரோம் இன்னும் மங்கவில்லை. மண்ணெண்ணெயில் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் பெங்களூர் பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும்.