முறுக்கு விழுந்த டிஎன்ஏ: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3
வகுப்பில் ஒரு சின்னக் கணக்கு கொடுத்தேன். ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (இரட்டை இழையின் ஏணிப்படிகள் மாதிரி), இணைக்கு 0.34 நானோமீட்டர், நீட்டிப் பிடித்தால் எவ்வளவு வரும்? ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேலே வருகிறது. பாக்டீரியாவின் நீளமே 2 மைக்ரோமீட்டர்தான் என்றதும் பாதிப் பேர் தசமப் புள்ளியைச் சரிபார்க்கப் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 5
இன்று முழுக்கக் காந்த இடுக்கியோடுதான். டிஎன்ஏவின் ஒரு முனை கண்ணாடியில், மறுமுனை ஒரு காந்த மணியில். மேலே இருக்கும் காந்தத்தைச் சுழற்றினால் டிஎன்ஏவுக்கு முறுக்கு ஏறும். மணியைச் சுற்றித் திரையில் தெரியும் வளையங்கள் மாறுவதை வைத்து அதன் உயரத்தைக் கணக்கிடுகிறோம். 0.3 பிகோநியூட்டன் (நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிகோநியூட்டன்) விசையில் எந்தப் பக்கம் சுற்றினாலும் மணி இறங்குகிறது, பழைய டெலிபோன் ஒயர் தன்மேலேயே சுருண்டுகொள்ளுமே அதுபோல. விசையை 1 பிகோநியூட்டனுக்கு ஏற்றியதும்தான் வேடிக்கை: இறுக்கும் பக்கம் சுற்றினால் இறங்குகிறது, தளர்த்தும் பக்கம் சுற்றினால் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது, ஏனென்றால் சுருளுவதற்குப் பதிலாக இரண்டு இழைகளும் ஆங்காங்கே பிரிந்து அந்த முறுக்கை வாங்கிக்கொள்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

பிப்ரவரி 6
பஃபர் தயாரித்தேன், கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 10
தளர்த்தினால் இழைகள் பிரிந்துகொள்ளும் இந்தக் குணத்தைத்தான் பாக்டீரியா காசு கொடுத்து வாங்குகிறது, காசு என்றால் ஏடிபி, செல்லின் எரிபொருள். கெல்லெர்ட் குழு 1976இல் கண்டுபிடித்த கைரேஸ் என்ற நொதி இரட்டை இழையை வெட்டி, இன்னொரு பகுதியை அந்த இடைவெளியில் நுழைத்து, மறுபடி ஒட்டுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறுக்கு குறையும். இப்படித் தளர்ந்திருக்கும் டிஎன்ஏவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கத் திறப்பது சுலபம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இந்த நொதியை வெட்டிய நிலையிலேயே மாட்டிவைத்துவிடுகிறது, ஒட்டப்படாத வெட்டுகள் சேர்ந்து பாக்டீரியா சாகிறது. கார வரிசைக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட முறுக்குக்குக் கிடைப்பதில்லை என்பது என் பழைய புலம்பல்.

பிப்ரவரி 12
ரிஃபாம்பிசின் போட்ட பாக்டீரியா செல்களை மாணவி நுண்ணோக்கியில் வைத்தார். ஆர்என்ஏ தயாரிப்பு நின்றதும், நடுவில் ஒதுங்கியிருந்த டிஎன்ஏ செல் முழுக்கப் பரவியிருந்தது. குளோராம்ஃபெனிகால் போட்டதில் நேர்மாறு, டிஎன்ஏ இறுகி உருண்டையாகிவிட்டது. இரண்டுமே மருந்துதான், ஒன்று படியெடுப்பதை நிறுத்துகிறது, மற்றது புரதம் செய்வதை. அப்படியானால் டிஎன்ஏவின் வடிவத்தை அதன் மேல் நடக்கும் வேலையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அடுத்து கைரேஸையும் தடுத்துவிட்டு இதே படங்களை எடுக்க வேண்டும்.