வாத்து முட்டையைச் சேர்த்து வைக்கப் போய் நான் பட்ட பாடு

போன வருஷம் மாசியில், சம்பா அறுத்த வயலில் மேய்க்க வாத்து ஓட்டிக்கொண்டு வந்தவர்களிடம் நாலு பெட்டையும் ஒரு ஆணும் வாங்கினேன். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். சித்திரை பிறந்ததும் முட்டை வர ஆரம்பித்தது, ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு. இந்த வாத்துகள் முட்டை போடுவதோடு சரி, அடையில் உட்காருவது அபூர்வம். அதனால்தான் அந்தக் காலத்திலிருந்தே வாத்து முட்டையை அடைக்கோழிக்கு அடியில் வைப்பார்கள். என்னிடம் கோழி இல்லை, சின்ன இன்குபேட்டர் ஒன்று இருந்தது. அது நிறையும்வரை சேர்த்து வைத்தால் போச்சு என்று நினைத்தேன்.

15 நாளில் 22 முட்டை சேர்ந்தது. அடுப்படி அலமாரியில் அட்டைத் தட்டில் அடுக்கி, சேறு ஒட்டியிருந்ததையெல்லாம் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தேன், பார்க்கவே பெருமையாக இருந்தது. இன்குபேட்டரில் வைத்து 28 நாளில் பொரித்தது நாலே நாலு. 7ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோதே பாதிக்கு மேல் நரம்பு ஓடவில்லை, நடுவில் மெல்லிய ரத்த வளையம் மட்டும் தெரிந்தது, கரு செத்ததற்கு அதுதான் அடையாளம். 20ஆம் நாள் ஒன்று உள்ளேயே வெடித்து, அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "தம்பி, உன் அடுப்பாங்கரையே பாதி அடை வச்சிருச்சுடா."

விஷயமே அதுதான். முட்டை வெளியே வரும்போதே உள்ளே கரு கொஞ்சம் வளர்ந்துதான் இருக்கிறது. சூடு இறங்கியதும் வளர்ச்சி நின்று தூங்கப் போகிறது. சுமார் 20 டிகிரிக்குக் கீழே வைத்தால்தான் அது ஒழுங்காகத் தூங்கும். என் அடுப்படி சித்திரையில் 35 டிகிரி. தூங்கவும் முடியாமல், வளரவும் முடியாமல் அரைகுறையாக விழித்துக் கிடந்து கரு செத்துப் போயிருக்கிறது. கழுவியது அடுத்த தப்பு. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு தேய்ந்துபோனால் கிருமி நேராக உள்ளே போய்விடும், அந்த வெடித்த முட்டைக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சரி, குளிர்ச்சிதானே வேண்டும் என்று அடுத்த முறை ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். 4 டிகிரி, கருவுக்கு அது அளவுக்கு மீறிய குளிர். 15 முட்டையில் மூன்று பொரித்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை.

மூன்றாவது முறை பெரியம்மா சொன்னபடி செய்தேன். அகலமான மண் தொட்டியில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, அதில் ஒரு மண் பானையைப் பாதி புதைத்து, உள்ளே உமி பரப்பி முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, வாயை ஈரத் துணியால் மூடி காற்றோட்டமான நிழலில் வைத்தேன். வெளியே 35 என்றால் பானைக்குள் 26 காட்டியது. செலவில்லாத வேலைக்கு இது பெரிய விஷயம், ஆனால் தூக்கத்துக்கு 26 போதாது, அதனால் நாலு நாளைக்கு மேல் சேர்க்கவில்லை. கிடைத்த ஆறு முட்டையில் நாலு பொரித்தது!

ஆனால் ஆறு முட்டைக்காக இன்குபேட்டரை ஓட்டக் கட்டுப்படியாகாது. பழைய இரும்புக் கடையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கி, வெளியே சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் மாட்டி 16 டிகிரியில் நிற்க வைத்தேன். உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர், ஈரப்பதம் 70, 75 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் முட்டைக்குள் இருக்கும் நீர் வற்றி காற்றறை பெரிதாகிவிடும். வாத்துகளைக் காலை 9 மணிவரை வைக்கோல் போட்ட கூண்டிலேயே அடைத்து வைக்கிறேன், பெரும்பாலும் விடிவதற்குள் போட்டுவிடும், முட்டையும் சேற்றில் விழாது. லேசான அழுக்கென்றால் காய்ந்த துணியால் துடைப்பதோடு சரி, ரொம்ப அழுக்கானது, விரிசல் விட்டது எல்லாம் நேராகச் சமையலுக்கு.

ஒரு இடத்தில் மட்டும் திரும்பவும் மாட்டிக்கொண்டேன். குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் குப்பென்று வியர்த்துவிட்டது, அந்த ஈரமும் கிருமிக்கு வழிதான். இப்போது இன்குபேட்டரில் வைப்பதற்கு முந்தின இரவே ஃபிரிட்ஜை அணைத்து, தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, கதவைத் திறக்காமல் விட்டுவிடுகிறேன். காலைக்குள் மெதுவாக வெளிச்சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம்தான் 37.5 டிகிரிக்குள் போகும்.

கடைசியாக வைத்தது 7 நாளில் சேர்ந்த 12 முட்டை, ஒன்பது குஞ்சு. தினமும் தட்டை ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும் என்கிறார்கள், நான் முயற்சிக்கவில்லை. எட்டாவது நாள் ஆன முட்டை எங்கள் வீட்டில் ஆம்லெட்.